தொகையை நீங்கள் பேசினீர்கள், கிலோவை யார் பேசுவது?

மலையகத் தொழிற்சங்கங்களின் தலைவர்கள், பொதுச் செயலாளர்கள், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினேழு வருடங்கள் தோட்டத் தலைவராக, அதாவது அந்தத் தோட்டத்தில் சங்கத்தின் தலைவராக, இருந்தவன். இப்போது ஓய்வு. எந்தத் தோட்டம், எந்தச் சங்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றச் சங்கக்காரர்கள், இது அவர்களுக்கு வந்த கடிதம் என்று மடித்து வைத்துவிடுவார்கள். எங்கள் சங்கக்காரர்களோ, இவன் எந்தப் பக்கம் தாவப் பார்க்கிறான் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. தாவுவதற்கு முழங்கால் இடம் கொடுக்காது. நான் கேட்கப்போவது ஒன்றுதான்: சம்பளம் பேசப் போகும்போது அங்கத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரி 28, திங்கட்கிழமை. கம்பனிகளும் சங்கங்களும் நம் சம்பளத்துக்காகச் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று அன்று இரவு வானொலிச் செய்தியில் கேட்டேன். அலரி மாளிகையில், பிரதமர் முன்னிலையில். நான் தோட்டத் தலைவர். எனக்கே வானொலிதான் சொன்னது. மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனால், என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அது மரியாதைக்காக நின்ற பேச்சு இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும் நேராகக் கேட்டார்: “தலைவரே, 140 எங்கே போனது?”

அந்த 140 என்ன என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 ஒக்டோபர் 18-ஆம் திகதி ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று அறிவித்தீர்கள். அதில் அடிப்படை 500. மாதத்தில் முக்கால்வாசி நாள் வேலைக்கு வந்தால் வரவுக் கொடுப்பனவு 60. நாளுக்குக் குறித்த கிலோ கொழுந்தை எடுத்தால் உற்பத்தித் திறன் கொடுப்பனவு 140. தேயிலை விலைக்கான கொடுப்பனவு 30. கூட்டினால் 730. 2019-இல் அடிப்படை 700 ஆனது, விலைக் கொடுப்பனவு 50 ஆனது, மற்ற இரண்டும் போய்விட்டன. கூட்டினால் 750.

ஆக, ஒழுங்காக வேலைக்கு வந்து, குறித்த கிலோவையும் எடுத்து, முழு 730-ஐயும் வாங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடியது 20 ரூபாய். வரவும் போதாமல் கிலோவும் போதாமல் 530 வாங்கியவருக்குக் கூடியது 220. மேடையில் நீங்கள் சொன்னதோ “அடிப்படைச் சம்பளத்தில் நாற்பது சதவீத உயர்வு”. அதுவும் பொய்க் கணக்கில்லை. அடிப்படை ஏறினால் சேமலாப நிதியும் ஏறும், சேவைக்காலப் பணமும் ஏறும். நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அந்த 220 பெரிய காசு. அந்த ஒப்பந்தத்தில் நியாயமே இல்லை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

என்னுடைய மனக்குறை வேறு. முழு 730 வாங்குகிறவளிடம் “உன் 140-ஐயும் 60-ஐயும் விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் அடிப்படை 700 ஆகும், சம்மதமா?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரட்டுக்களம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கும். போட்டிருக்கட்டுமே. ஒரு மணி நேரம் சத்தம் போட்டபின், அடுத்த லயத்து வரிசை வீட்டில் கிடக்கும் நோயாளியை நினைத்துப் பாதிப் பேராவது சம்மதித்திருப்பார்கள். சம்மதித்து விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் ஒற்றுமை. கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு எங்கள் லயத்தில் வேறு பெயர் சொல்வார்கள்.

அன்று அந்த அக்காவுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சங்கக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “அடிப்படை ஏறியிருக்கிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார்கள். ஒப்பந்தத்தின் பிரதி கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பிரதி வந்தது, ஆங்கிலத்தில். எங்கள் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, தேநீர் கொடுத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். இலட்சக்கணக்கான தமிழர்களின் இரண்டு வருட வயிற்றுப்பாட்டை எழுதிய கடதாசி தமிழில் எங்கள் கைக்கு வரவில்லை. அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களை நான் வாசித்ததே இல்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வாசிக்காமலேயே பிரட்டுக்களத்தில் நின்று விளக்கியிருக்கிறேன்.

இனிக் கிலோவுக்கு வருகிறேன்.

பத்திரிகைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் எங்கள் சம்பளத்தை ஒரு தொகையாகப் பார்க்கிறார்கள். 620, 730, 750, 1,000, 1,350. நீங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டீர்கள். மலையில் நிற்கிறவளுக்குச் சம்பளம் என்பது ஒரு தொகை கிடையாது. காலையில் எத்தனை மணிக்குப் பிரட்டு மூடுகிறார்கள், ஐந்து நிமிடம் பிந்தினால் திருப்பி அனுப்புகிறார்களா, இன்று எந்த மலை, அது கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் ஆன மலை, புல் மண்டியிருக்கிறதா, நிறுவையில் தண்ணீருக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள், சாக்குக்கு எத்தனை கழிக்கிறார்கள், மாலையில் முழுப் பெயர், அதாவது முழு நாட்சம்பளம், விழுகிறதா அரைப் பெயர் விழுகிறதா, இந்த மாதம் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் — இவை எல்லாம் சேர்ந்ததுதான் சம்பளம். நீங்கள் பேசிய தொகை, இந்த ஓட்டைகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒழுகிய பிறகுதான் பத்தாம் திகதி அவள் கைக்கு வருகிறது. அதிலும் முற்பணம், சேமலாபம், கோயில், சலவை, சிகை, சந்தா என்று சம்பளத் துண்டில் வெட்டு.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெயருக்கு 16 கிலோவாக இருந்தது 18 ஆனது. 2021-இல் 1,000 ரூபாய் வந்த பிறகு 20 ஆனது. கொழுந்து மலியும் மாதத்தில் 20 எடுப்பது பெரிய காரியமில்லை. வரட்சியில், புல் மண்டிய மலையில், ஆள் குறைவென்று ஒருத்திக்கு இரண்டு நிரை கொடுக்கும்போது, 14 எடுப்பதற்குள் முதுகு போய்விடும். அப்படி அரைப் பெயர் விழுந்தால் அவளுடைய 1,000 ரூபாய் 500 ரூபாய். நீங்கள் தொகையைக் கூட்டினீர்கள், தோட்டம் கிலோவைக் கூட்டியது. நீங்கள் ஒரு மேசையில் பேசினீர்கள், அவர்கள் ஒவ்வொரு தராசிலும் பேசினார்கள்.

இந்த விவரம் எதுவும் தெரியாமல் நீங்கள் மேசைக்குப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்திருக்கும், பொதுவாக. “நிறுவையில் முறைகேடு இருக்கிறது” என்று மேடையில் பேசுமளவுக்குத் தெரியும். எந்த மலையில், எந்த மாதத்தில், எத்தனை கிலோ கழிவு, அதனால் ஒருத்திக்கு வருடத்தில் எத்தனை பெயர் போனது என்று கம்பனிக்காரன் முன்னால் கடதாசியை நீட்டிக் காட்டுமளவுக்குத் தெரியாது. அது எங்களில் ஒரு சிலருக்குத் தெரியும். 140 எங்கே என்று என்னிடம் கேட்டாரே, அந்த அக்கா, மகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் தினமும் மூன்று நிறுவையையும் எழுதி வைப்பார். காலை, மதியம், மாலை. பக்கத்தில் மழை என்றால் ஒரு புள்ளி. நான்கு வருடக் கணக்கு அவரிடம் இருந்தது. மழைப் புள்ளி போட்ட நாள்களில் கழிவு எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். வெயில் நாளிலும் தண்ணீர்க் கழிவு இருந்தது. முதலாளிமார் சம்மேளனத்தின் சட்டத்தரணிக்கு அந்தக் கொப்பியைக் காட்டியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் கொப்பி பேச்சுவார்த்தை அறைக்குப் போகவே இல்லை. சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் 2019 வரை தோன்றவில்லை.

அங்கத்தவர்களைப் பேச்சுவார்த்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்பதை ஜனநாயகப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. கம்பனி எந்த வழியால் திருப்பி எடுக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், தெரியாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். என் வாதம் இவ்வளவுதான்.

ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2013 ஒப்பந்தம் 2015 மார்ச்சோடு முடிந்தது. அடுத்தது 2016 ஒக்டோபரில்தான் வந்தது. நடுவில் பதினெட்டு மாதங்களுக்கு மேல். ஆயிரம் என்று எங்களைக் கத்தச் சொன்னீர்கள், கத்தினோம். 730-இல் முடித்தீர்கள். அந்த மாதங்களுக்கான நிலுவையும் வரவில்லை. 2018-இல் மறுபடியும் ஆயிரம். அந்த ஒக்டோபரில் மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடை உடுத்திக் கொழும்பு காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள், தாய்மாரின் சம்பளத்துக்காகச் சொந்தச் சம்பளத்தை வெட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களைக் கூட்டியது நீங்கள் இல்லை. என் பேரனும் போயிருந்தான். ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கே இவ்வளவு அக்கறை இருக்கும்போது, அந்த அக்கறையில் ஒரு பகுதியையாவது மேசைக்குக் கொண்டுபோகும் வழியை ஏன் எந்தச் சங்கமும் யோசிக்கவில்லை?

பிறகு 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக அடிப்படை 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100 என்று ஆயிரம் வந்தது. அதோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பலர் அப்போது “நல்லது, தொலைந்தது” என்றார்கள். இளைஞர்கள் சிலர் பட்டாசு கொளுத்தினார்கள். நான் கொளுத்தவில்லை. ஒப்பந்தம் எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும், கம்பனியும் சங்கமும் கையெழுத்துப் போட்ட கடதாசி அது. 1950-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் எழுதிக்கொண்டது. வர்த்தமானியில் வந்துவிட்டால் அதன் நிபந்தனைகள் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் நுழைந்துவிடும். வேலை நிபந்தனைகளைப் பற்றி வாதாட நமக்கு ஒரு மேசை இருந்தது. சம்பள நிர்ணய சபை ஆகக் குறைந்த சம்பளம் எவ்வளவு என்று சொல்லும். புல் மண்டிய மலையில் 20 கிலோ கேட்கலாமா என்று சொல்லாது.

அதே சட்டத்துக்கு 1999-இல் வந்த திருத்தம் ஒன்று உண்டு. ஒரு தொழிலிடத்தில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத தொழிலாளர்கள் அங்கம் வகிக்கும் சங்கத்தோடு முதலாளி பேச மறுத்தால், அது நேர்மையற்ற தொழில் நடைமுறை. ஆகவே மேசையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. நாற்பது சதவீதம் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு தோட்டத்தில் ஐந்து சங்கம், ஒரு லயத்தில் மூன்று சங்கம், ஒரே வீட்டில் புருசன் ஒன்றில் பெண்சாதி ஒன்றில். ஏன் இப்படிச் சிதறினார்கள்? உங்கள் கூட்டங்களில் “துரோகிகள் பிரித்துவிட்டார்கள்” என்கிறீர்கள். தோட்டத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். ஒரு அங்கத்தவருக்கு உங்கள் முடிவு பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல இருக்கிற ஒரே வழி, சந்தாவை நிறுத்தி அடுத்த சங்கத்துக்குக் கடிதம் கொடுப்பதுதான். வேறு வாக்குச் சீட்டு எதையும் நீங்கள் கொடுக்கவில்லை. கையில் இருந்த ஒரே சீட்டை அவர்கள் பாவித்தார்கள்.

அதன் பின் நடந்தவற்றில் நாங்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிட்டோம். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று ஜனாதிபதி அறிவித்தார். கைதட்டினோம். வர்த்தமானி வந்தது, கம்பனிகள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, செப்டெம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கி, மேலும் 200-ஐ வரவுக் கொடுப்பனவாக அரசாங்கமே தருவதாகச் சொன்னார்கள். வரவுக் கொடுப்பனவு! 2019-இல் எங்களைக் கேட்காமல் எடுத்ததை, எங்களைக் கேட்காமலேயே திரும்பக் கொடுக்கிறார்கள். நாள் கணக்கில் வேலை தருவது தோட்டத்தின் கையில் இருக்கும்போது வரவுக்குக் காசு என்றால் அதன் பொருள் என்ன என்று எந்தச் சங்கமாவது பிரட்டுக்களத்தில் நின்று கேட்டதா? சம்பள நிர்ணய சபை தீர்மானத்தை வர்த்தமானியில் போட்டு எழுத்தில் ஆட்சேபனை கேட்கும். 2021-இல் கம்பனிகள் தரப்பிலிருந்து கட்டுக்கட்டாகப் போனது. எங்கள் தோட்டத்தில் இருந்து ஒன்றுகூடப் போகவில்லை. போகலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

கடல் தாண்டி ஒரு கதை சொல்கிறேன். கேரளத்து மூணாறில் தேயிலை எடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எங்களைப் போலத்தான். 2015 செப்டெம்பரில் 19 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆகக் குறைத்தார்கள். அங்கும் பெரிய பெரிய சங்கங்கள் இருந்தன, எல்லாக் கட்சிக்கும் ஒன்று. ஆயிரக்கணக்கான பெண்கள் நகரத்துக்கு வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் சொல்ல வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாள். அமைச்சர்களோடும் கம்பனியோடும் பெண்களே உட்கார்ந்து பேசினார்கள். போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, மொத்தம் 20 சதவீதம் பெற்றார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கதையை அங்கே நிறுத்தினால் உங்களுக்கு நான் செய்வது நியாயமில்லை. அடுத்த கட்டத்தில் 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கச் சொல்லிப் போராடினார்கள், கிடைத்தது 301. பிறகு அந்த அமைப்பும் பிளவுபட்டது. சங்கத்தின் அனுபவம், வழக்குத் தொடுக்கும் பலம், காரியாலயம், பணம் எதுவும் இல்லாமல் நெடுநாள் நிற்பது கடினம். அதனால்தான் நான் “சங்கம் வேண்டாம்” என்று எழுதவில்லை, உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூணாற்றுச் செய்தியை அந்த வருடம் எங்கள் லயத்துத் தொலைக்காட்சியில் பார்த்த பெண்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் செய்தியை மாற்றச் சொன்னேன்.

பெண்கள் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1984 வரை ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் நாட்சம்பளம் சமமானது. நாற்பது வருடமாகச் சம்பளம் சமம். ஆண் பாதி நாளில் கவ்வாத்தையோ கான் வெட்டும் வேலையையோ முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் மாலை நிறுவை வரை மலையில் நிற்பாள். இந்தத் தொழிலின் வருமானம் அவள் விரல் நுனியில் இருந்து வருகிறது. கிலோவின் கதை முழுவதும் அவளுடைய கதை. ஒப்பந்தக் கையெழுத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள், மேசையைச் சுற்றிக் கோட்டும் வேட்டியும். கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியை நான் அந்தப் படங்களில் கண்டதில்லை. மாதர் தலைவி என்று ஒரு பதவி வைத்திருக்கிறோம். தலைவர் வரும்போது ஆரத்தி எடுக்கவும் மாலை போடவும் அவரைக் கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பதினேழு வருடம் உங்கள் வாயால் கேட்டு, என் வாயால் திருப்பிச் சொன்ன பதில்கள்தானே.

பேச்சுவார்த்தை இரகசியம், வெளியே சொன்னால் கம்பனி உசாராகிவிடும் என்பீர்கள். கடைசியாக எந்தத் தொகைக்கு இறங்குவோம் என்பது இரகசியமாகவே இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியல் கம்பனிக்குத் தெரியும். கம்பனி சொன்ன பதிலும் கம்பனிக்குத் தெரியும். கையெழுத்தாகப் போகிற வாசகம் கம்பனியின் சட்டத்தரணி எழுதியதே. மேசையின் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒன்றை அங்கத்தவருக்கு மட்டும் மறைப்பதற்கு இரகசியம் என்று பெயரா?

படிப்பில்லாத சனத்துக்கு விளங்காது என்பீர்கள். மேடையில் சொல்லமாட்டீர்கள், காரியாலயத்தில் சொல்வீர்கள். கொப்பி வைத்திருந்த அக்கா மூன்றாம் வகுப்பு.

தோட்டங்கள் தூரம் தூரமாக இருக்கின்றன, எல்லோரிடமும் போய்க் கேட்க முடியாது என்பீர்கள். மே தினத்துக்கு ஒவ்வொரு டிவிசனுக்கும் பஸ் வருகிறதே, அதே பாதைதான். தேர்தல் காலத்தில் லயம் லயமாக இரவு பதினொரு மணிக்கும் வந்து கதவைத் தட்டுகிறீர்களே. சந்தா மாதம் தவறாமல் எல்லாத் தோட்டத்தில் இருந்தும் கொழும்புக்கோ ஹட்டனுக்கோ வந்து சேர்கிறது. எங்கள் காசுக்கு வழி தெரிந்திருக்கிறது. எங்கள் கருத்துக்குத்தான் பாதை சரியில்லை.

சட்டம் கேட்கவில்லையே என்று ஒருவர் என்னிடம் சொன்னார், படித்த மனிதர். உண்மைதான். சங்கம் கையெழுத்துப் போட்டால் போதும், அங்கத்தவரிடம் வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அவளிடம் சம்மதம் கேட்பது எந்தச் சட்டத்துக்காக ஐயா?

அடுத்த சுற்று எப்படியும் வரும். கூட்டு ஒப்பந்தமாக வந்தாலும் சரி, நிர்ணய சபையாக வந்தாலும் சரி. அப்போது தொகையை முதலில் அறிவிக்காதீர்கள். பத்திரிகையாளர் மாநாட்டில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், பிறகு எல்லாரும் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் கமிட்டி கூடட்டும். கொழுந்துக்காரர்கள் தனியாக, தொழிற்சாலைக்காரர்கள் தனியாக, கவ்வாத்து, மருந்தடிப்புக்காரர்கள் தனியாக. எங்கே ஒழுகுகிறது என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். மூன்று மாத நிறுவைக் கணக்கை ஒரு டிவிசனுக்குப் பத்துப் பேர் எழுதினால் போதும். நூறு தோட்டத்துக் கொப்பிகள் சேர்ந்தால் அதைவிடப் பெரிய ஆயுதம் உங்களிடம் இருக்காது. அவற்றைக் கூட்டிக் கணக்குப் பார்க்க எங்கள் பிள்ளைகளில் பட்டதாரிகள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள்.

பேச்சுவார்த்தைக் குழுவில் கொழுந்து எடுக்கும் பெண்களை உட்கார வையுங்கள். ஒருத்தியை மட்டும் வைக்காதீர்கள், படத்துக்கு வைத்தது போல ஆகிவிடும், அவளுக்கும் வாய் வராது. நான்கைந்து பேராவது வேண்டும். அந்த நாள்களுக்கு அவர்களின் பெயர் விழாது என்பதை மறக்காதீர்கள். சந்தாவில் இருந்து நாட்சம்பளத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்த மறுநாள் என்ன பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தோட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். இப்போது லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது, தபாலுக்குக்கூடச் செலவில்லை. வானொலிக்கு முன்னால் தலைவருக்குத் தெரிய வேண்டும். என் மானம் போன கதையை மேலே சொல்லிவிட்டேன்.

கையெழுத்துக்கு முன் முழு வாசகமும் தமிழில் பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. கை தூக்கச் சொல்லாதீர்கள். கங்காணி பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யாருடைய கையும் அவரவர் கையாக இருக்காது. சீட்டும் பெட்டியும் போதும். தோட்டப் பாடசாலையில் மாணவர் தலைவனையே அப்படித்தான் தெரிவு செய்கிறார்கள். தோற்றுப்போனால்? மறுபடி மேசைக்குப் போய், “எங்கள் ஆட்கள் சம்மதிக்கவில்லை, பாருங்கள், இத்தனை வாக்கு” என்று சொல்லுங்கள். கம்பனி எப்போதும் “பணிப்பாளர் சபையைக் கேட்க வேண்டும்” என்று எழுந்து போகிறதே, உங்களுக்கும் கேட்டுவர ஒரு சபை இருக்கட்டும். அந்த வாக்கு உங்கள் கையைக் கட்டும் என்று பயப்படுகிறீர்கள். அது உங்கள் கையில் இருக்கிற பலமாகவும் இருக்கலாமே.

சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பட்டியலோடு போக வேண்டும் என்றும் எழுதத்தான் ஆசை. அதை எழுதி எழுதிப் பலர் செத்துப்போனார்கள். ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தவரிடம் உண்மையாகக் கேட்டால், பட்டியல்கள் தானாகவே ஒன்று போல இருக்கும் என்று நினைக்கிறேன். தராசுக்குச் சங்கம் தெரியாது.

முல்லோயாக் கோவிந்தனுக்கு ஒவ்வொரு ஜனவரி பத்திலும் மாலை போடுகிறோம். 1940-இல் சம்பளம் கேட்டு நின்ற தோட்டத்தில் சுடப்பட்டவர். அவர் மேடையில் இருந்தவர் இல்லை, கூட்டத்தில் நின்றவர். இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் உங்கள் பேச்சு போல ஆகிவிடும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது வேறு தலைவர். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் அவரிடம் சொன்னேன். முதலில் தயங்கினார், பிறகு “தலைவர்மார் யாராவது வந்தால் நானே கூட்டம் வைக்கிறேன்” என்றார். அந்த அக்கா போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். கொப்பிகளை எறியவில்லை, ஏழு கொப்பி ஆகிவிட்டது. ஒரு தகரப் பெட்டியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறார். கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் திருப்பித் தர வேண்டுமாம்.

பிரட்டு காலை ஏழு மணிக்கு. ஆறரைக்கு வந்தால் அரை மணி நேரம் பேசலாம். மாலை போட ஆள் ஏற்பாடு செய்யவில்லை. பிரட்டுக் கொட்டகையின் கூரை ஒரு பக்கம் ஒழுகும், குடை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தலைவர் ஒருவர்,
மஸ்கெலியா